பெட்டி திறக்குமுன்: இந்த வாரம் வரும் நான்கு படங்கள்

புதன்கிழமை இரவானால் அக்கா மகளிடமிருந்து ஒரு வரி வந்து நிற்கும். "மாமா, இந்த வாரம் எதுக்குப் போலாம்?" அதன் பின்னாலேயே நான்கைந்து டிரெய்லர்களை அனுப்பிவைப்பாள். நான் ஒன்றையும் திறப்பதில்லை. அவளுக்கு அதில் எரிச்சல். "டிரெய்லரே பாக்காம எப்படி மாமா சொல்றீங்க?" என்பாள். என் பதிலும் மாறியதில்லை: படம் எத்தனை அடி என்று சொல்லு, மிச்சத்தை நான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு ரீல் கூடிப்போனால் 2,000 அடி, அதாவது இருபத்திரண்டு நிமிடம். இப்போது பிலிமும் இல்லை, ரீலும் இல்லை. ஆனாலும் யாராவது இரண்டேகால் மணி நேரப் படம் என்றால் என் மண்டைக்குள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அடி என்று கணக்கு ஓடிவிடும். பழக்கதோஷம்.

ஆபரேட்டருக்குப் படத்தின் கதை கடைசியாகத்தான் தெரியும். பெட்டி வந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான். எத்தனை ரீல், ஸ்கோப் என்கிற அகலப் படமா இல்லையா, சவுண்டு என்ன. அந்த மூன்றையும் வைத்தே கூட்டம் எப்போது நெளியும், எந்த ரீலில் எழுந்து வெளியே போவார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவோம். இந்த வாரப் படங்களையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். புதிதாக வரும் மூன்றில் ஒன்றைக்கூட இன்னும் நான் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று புதியவை, ஒன்று பழையது. பெயர் வேண்டுபவர்கள் போஸ்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

டிரெய்லரை ஏன் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது விளம்பரம், அவ்வளவுதான். ஒருகாலத்தில் படம் முடிந்தபின் வாலாக ஓட்டியதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பிறகு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய படங்களுக்கு டிரெய்லர் வெட்டுவது பெரும்பாலும் படத்தை எடிட் செய்தவர் கிடையாது. அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. படம் முழுதாக முடிவதற்கு முன்பே, கிடைத்த துண்டுகளை வைத்து வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். அதில் ஓடும் இசை பல நேரம் படத்தில் இருக்காது. சில காட்சிகளும் இருக்காது.

இதற்காக நீதிமன்றம் வரைக்கும் போனவர்களும் உண்டு. 2019-இல் வந்த 'யெஸ்டர்டே' என்ற ஆங்கிலப் படத்தின் டிரெய்லரில் ஒரு நடிகை வருவார். படத்தில் அவர் வந்த பகுதியையே வெட்டிவிட்டார்கள். அவருக்காகப் படத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்த இரண்டு பேர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். டிரெய்லர் என்பது வணிக விளம்பரம், விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். வழக்கு பிறகு வேறு திசையில் போனது. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

எவ்வளவு வெட்டினாலும் கூட்டினாலும் மாற்ற முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. படத்தின் நீளம், திரையின் வடிவம், தணிக்கைச் சான்றிதழில் காரணம் என்று போட்டிருக்கும் வரி, விமர்சகர்களுக்கு எப்போது காட்டினார்கள், தியேட்டர்காரர்கள் எந்த ஹாலைக் கொடுத்தார்கள். நான் நம்புவது இவற்றைத்தான்.

சரி, முதலில் பெரிய படம்.

மூன்றாம் பாகம். 169 நிமிடம். என் கணக்கில் 15,210 அடி, எட்டு ரீல். ஆறு டிரெய்லர் விட்டிருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். ஒரு டிரெய்லர் இரண்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், படம் வர 150 நாளுக்கு மேல் இருக்கும்போது காட்டக்கூடாது என்று அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் 2014-இல் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. கட்டாயம் ஒன்றும் கிடையாது. ஆறையும் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம், ஏறக்குறைய அரை ரீல். அரை ரீலை ஓசியில் காட்டிவிட்டு மீதியை ரகசியம் என்றால் எப்படி?

இந்தப் படத்தைப் பற்றி வரும் விமர்சனம் எதையும் வியாழன் இரவுக்கு முன் வெளியிடக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் படம் தேறாது என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். கதையின் திருப்பம் வெளியே போய்விடுமே என்ற பயத்திலும் தடை போடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைதான் உலகம் முழுக்கப் படம் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. பிரான்சில் புதன்கிழமையே புதுப்படம் வந்துவிடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வியாழன். எந்தத் தடை போட்டாலும் காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூட முடியாது. ஒரு நாள் பொறுத்தால் உண்மை தானாக வந்து சேரும்.

இதில் உண்மையான கேள்வி எந்த ஹால் என்பதுதான். இந்தப் படத்தை நாலு விதமாகக் காட்டுகிறார்கள். சாதாரண ஹால், 3டி, ஐமேக்ஸ், அப்புறம் நாற்காலி குலுங்கும் 4டிஎக்ஸ்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இன்னும் தொழிலில் இருக்கிறார். டிஸ்க் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்தாச்சு, சாவிதான் வரல" என்றார். இப்போதும் சிலர் அதைப் பெட்டி என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே இருப்பது பூட்டிய கோப்பு. சாவி தனியாக மின்னஞ்சலில் வரும். அது அந்த ஹாலில் இருக்கும் அந்த சர்வரை மட்டும் திறக்கும், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். எங்கள் காலத்தில் வியாழன் ராத்திரியே ரீல் ரீலாக ஓட்டிப் பார்த்துவிடுவோம். இப்போது நேரம் ஆகாமல் ஆபரேட்டரே ஒரு காட்சியைக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் கோப்பின் பெயரைப் படிக்கலாமே. பழைய பெட்டியின் சீட்டு இன்று அங்கேதான் இருக்கிறது. பெயர் நீளமாக, கோடு கோடாக இருக்கும். எஃப் என்றால் ஃப்ளாட், அகலம் உயரத்தைப்போல் 1.85 மடங்கு. எஸ் என்றால் ஸ்கோப், 2.39 மடங்கு. அதற்கடுத்து மொழி, தணிக்கை, சுற்றிலும் இருந்து வரும் 5.1 ஒலியா, தலைக்கு மேலிருந்தும் வரும் அட்மாஸா, படத் தெளிவு 2கே-யா 4கே-யா என்று எல்லாம் வரிசையாக வரும். அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். பெரிய படம் எஸ், அதாவது ஸ்கோப். ஐமேக்ஸுக்கு வந்திருப்பதும் முழுக்க ஸ்கோப்தான் என்றார்.

இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது. ஐமேக்ஸ் என்ற பலகைக்குப் பின்னால் ஒரே சரக்கு இருப்பதில்லை. 70 எம்எம் பிலிமைப் படுக்கை வாட்டில் ஓட்டிக் காட்டும் பழைய ஐமேக்ஸ் திரை கிட்டத்தட்ட சதுரம், 1.43. டிஜிட்டல் ஐமேக்ஸ் ஹால்களில் பெரும்பாலானவை 1.90. அந்த உயரத்தை நிரப்புவதற்கென்றே எடுத்த படமாக இருந்தால் தயங்காமல் போகலாம். முழுக்க ஸ்கோப்பில் இருக்கும் படத்தை அங்கே போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். பெரிய திரையும் நல்ல ஒலியும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு, நல்ல ஸ்கோப் திரையும் அட்மாஸும் உள்ள சாதாரண ஹால் போதும் என்பேன்.

3டி வேண்டவே வேண்டாம். படப்பிடிப்பு முடிந்தபின் கம்ப்யூட்டரில் மாற்றியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது வெளிச்சம். சாதாரண 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும் என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட அளவு. 3டி-யில் கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. இருட்டில் நடக்கும் சண்டை அதிகம் உள்ள படத்தை இப்படிப் பார்ப்பது, விளக்கை அணைத்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி.

போன வருடம் எனக்கே ஒரு அனுபவம். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம். 2டி படத்துக்குத்தான் போயிருந்தேன், ஆனால் திரை மங்கிப்போய், நடிகர்களெல்லாம் சாயங்காலம் ஆறரை மணியிலேயே வாழ்கிற மாதிரி இருந்தது. திரும்பி ஆபரேட்டர் அறைக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை. சில வகை புரொஜெக்டர்களில் 3டி லென்சைக் கழற்றாமலே 2டி படத்தை ஓட்டினால் அப்படித்தான் தெரியும். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். வெளியே போய்ச் சொன்னேன். நின்றிருந்த பையன் ரொம்ப மரியாதையாக, "டைரக்டரே அப்படித்தான் சார் எடுத்திருக்காரு" என்றான். டைரக்டர் பாவம்.

4டிஎக்ஸ் பற்றி ஒன்றே ஒன்று. எட்டு ரீல் முழுக்க நாற்காலி குலுங்கி, காற்றடித்து, தண்ணீர் தெளித்தால் எழுந்திருக்கும்போது நடை மறந்துபோயிருக்கும். தொண்ணூறு நிமிடப் படமென்றால் ஒருமுறை வேடிக்கைக்குப் போய்வரலாம்.

தீர்ப்பு: ஞாயிறுக்குள் நல்ல பேச்சு வந்தால், ஸ்கோப் திரை, அட்மாஸ், 2டி. வராவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம். மூன்றாம் பாகத்துக்கு ஓடுகிறவர்கள் முதல் இரண்டையும் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

அடுத்தது பேய்ப்படம். 94 நிமிடம், 8,460 அடி. பேய்ப்படத்துக்கு இதுதான் அளவு. இரண்டு மணி நேரம் தாண்டினால் பேய்க்கே அலுத்துவிடும். சான்றிதழில் இரத்தம், கொடூரம் என்றெல்லாம் இல்லை, பயமூட்டும் காட்சிகள் என்று மட்டும்தான் இருக்கிறது. அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளாட். ஒலி 5.1. இதற்கு வேண்டியது ஒலி அளவைக் குறைக்காத ஹால். சினிமா சவுண்டு பெட்டியில் 7 என்பதுதான் படைப்பாளிகள் கேட்டுக் கலந்த அளவு. விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிறது என்று யாராவது புகார் சொன்னால், பல இடங்களில் அதை ஐந்துக்கோ நாலரைக்கோ இறக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். படம் முழுக்க முணுமுணுக்கும். பேய்ப்படத்தில் அமைதி அமைதியாகவும், அதிர்வு அதிர்வாகவும் இருந்தால்தானே பயம்? வெள்ளி இரவுக் கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படம். பக்கத்தில் யாராவது கத்தினால்தான் இதற்கெல்லாம் சுவை.

மூன்றாவது சின்னப் படம். ஒரு வீடு, ஒரு அப்பா, இரண்டு மகள்கள் என்கிறார்கள். 112 நிமிடம், 10,080 அடி. விழாக்களில் ஏற்கெனவே காட்டிவிட்டதால் விமர்சனங்கள் முன்கூட்டியே வந்துவிட்டன. விமர்சனங்களைத் தொகுத்துப் போடும் ராட்டன் டொமேட்டோஸ் பக்கத்தை மருமகள் அனுப்பியிருந்தாள். "92 மாமா! நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு மார்க்!"

மார்க் இல்லை கண்ணு, என்றேன். நூறு பேர் எழுதியிருந்தால் அதில் தொண்ணூற்றிரண்டு பேர் படம் பரவாயில்லை என்றாவது சொன்னார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். பத்துப் பேர் பார்த்து, பத்துப் பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தாலும் அந்தப் பக்கம் நூறு என்று காட்டும். பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் திட்டித் தீர்த்த படத்துக்கு ஐம்பதுதான் வரும். எனக்கு வாழ்க்கையில் பிடித்த படங்கள் முக்கால்வாசி அந்த இரண்டாவது ரகம். மெட்டாக்ரிட்டிக் என்ற பக்கம் மதிப்பெண்களைச் சராசரி எடுக்கிறது, அது கொஞ்சம் தேவலை. ஆனால் எண்ணை விட்டுவிட்டு இரண்டு விமர்சனங்களை முழுசாகப் படிப்பதுதான் உத்தமம், ஒன்று பிடித்தவர் எழுதியது, ஒன்று பிடிக்காதவர் எழுதியது. பிடிக்காதவர் இந்தப் படத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது.

இதற்கு இருக்கும் ஒரே சிக்கல் நேரம். ஒரு நாளைக்கு ஒரே காட்சி, அதுவும் காலை பதினொன்றுக்கு, இருப்பதிலேயே சின்ன ஹாலில். முதல் மூன்று நாள் கூட்டம் வராவிட்டால் அடுத்த வாரம் அந்த ஒன்றும் இருக்காது. பெரிய படம் எங்கும் போகாது, மூன்று வாரம் நிற்கும். சின்னப் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது புரியாமல் பெரிய படத்துக்கு வெள்ளிக்கிழமை முண்டியடித்துவிட்டு, "நல்ல படமெல்லாம் எங்க வருது" என்று அலுத்துக்கொள்பவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். சரி, கோபம் வேண்டாம்.

உட்காரும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். ஒலியைச் சரிபார்க்க வருகிறவர் அங்கேதான் மைக்கை வைத்துப் பார்ப்பார். கடைசி வரிசைதான் ராஜ இருக்கை என்பது, ஒலியைப் பொறுத்தவரை, சுவரில் காதை வைத்துக் கேட்பது மாதிரி.

நான்காவதுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

பழைய படம் மறுவெளியீடு. 151 நிமிடம், 13,590 அடி, ஏழு ரீல். எனக்கு இந்த எண்ணைக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. நான் ஓட்டிய படம். எங்களுக்கு வந்தது எத்தனையோ தியேட்டர் சுற்றி, கீறல் விழுந்து திரையில் மழை பெய்துகொண்டே இருந்த பிரிண்ட்.

போஸ்டரில் '4கே' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இந்த வார்த்தையை மட்டும் வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள். கேமராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவையே கண்டுபிடித்து, கழுவி, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்திருந்தால் அது ஒரு வேலை. தொலைக்காட்சிக்காக எப்போதோ எடுத்து வைத்த பிரதியை இழுத்துப் பெரிதாக்கி அதே பெயரை ஒட்டியிருந்தால் அது வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆட்களின் முகத்தைப் பாருங்கள். பிலிமில் பொடிப்பொடியாக மணல்போல் அசையும் ஒரு துகள் இருக்கும். அது அழுக்கு கிடையாது, பிலிமின் உயிரே அதுதான். அதைத் துடைத்துவிட்டால் எல்லோரும் மெழுகு பொம்மையாகிவிடுவார்கள். ஒலியிலும் இதே கதை. மோனோவில், அதாவது ஒரே தடத்தில், கலந்த படத்தை அட்மாஸ் ஆக்கியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அழுகிறவள் நடுவில் நிற்க, அழுகை வலப்பக்கச் சுவரிலிருந்து வரும். இந்தப் படத்துக்கு மூல நெகட்டிவிலிருந்து எடுத்தோம், மோனோவைத் தொடவில்லை, சுத்தம் மட்டும் செய்தோம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த வாரம் நான் முழுசாக நம்பும் ஒரே விளம்பரம் இதுதான்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. நாலாவது ரீல். இரவுக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது பிலிமின் ஓரத்துளைகள் கிழிந்து பிலிம் அறுந்தது. கூட்டம் விசில் அடிக்கிறது, கை நடுங்குகிறது. கிழிந்ததை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டினேன். அவசரத்தில் கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டேன், இரண்டடிக்கு மேல் இருக்கும். பிலிமில் ஒலி தன் படத்துக்கு ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும். ஆகவே ஓரிடத்தில் வெட்டினால், கிட்டத்தட்ட ஒரு விநாடி தள்ளித்தான் வசனத்தில் ஓட்டை விழும். அவள் கேள்வி கேட்கும் இடத்தில் வெட்டினேன். போனது அவன் சொன்ன பதிலின் கடைசி வார்த்தை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும் அவன் வாயைத் திறப்பான், பதில் பாதியில் நின்றுவிடும், அவள் திரும்பி நடந்துவிடுவாள். ஐந்து வாரம் ஓட்டினேன். முதல் வாரம் ரீல் மாற்றும் அவசரத்தில் அந்த வார்த்தையைக் காதில் வாங்கியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் போட்டபோது இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். ஒருமுறை கரண்ட் போனது. இன்னொருமுறை அந்தக் காட்சியையே விளம்பரத்துக்காக வெட்டியிருந்தார்கள்.

மருமகளுக்கு எழுதியது இதுதான். வெள்ளி இரவு உன் தோழிகளோடு பேய்ப்படம். சனிக்கிழமை காலை பதினொன்றுக்குச் சின்னப் படம், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பெரிய படம் அடுத்த வாரம், 3டி கண்ணாடி நீட்டினால் வாங்காதே. ஞாயிறு மதியம் பழைய படத்துக்கு ஜி வரிசையில் நடுவில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். உனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. படம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம் போல, அவள் கேள்வி கேட்டதும் யாரும் என்னிடம் பேசாதீர்கள்.

"ஸ்பாய்லர் சொல்லிட்டீங்களே மாமா" என்று பதில் வந்தது.